கஸ்தூரி விற்பவரின் கடையில்



வெள்ளிக்கிழமையன்று குளித்து, வெளுத்த உடுப்பு உடுத்தி, மணம் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்குச் செல்வது சுன்னத் என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும். எங்கள் வடகரையிலும், பக்கத்திலுள்ள அச்சன்புதூர், கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களிலும் அத்தர் என்பது அன்னியப் பொருளன்று. பஞ்சில் அத்தரைத் தொட்டுக் காதிடுக்கில் செருகிக்கொண்டு பள்ளிக்குப் போன பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சீசன் கடைகளிலும் அத்தர்ச் சீசாக்கள் வரிசை கட்டி நிற்கும். வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வருகிறவர் பெட்டியைத் திறந்தால் நாலு சென்ட் பாட்டிலாவது இல்லாமலிராது.

இவ்வளவு விருப்பத்தோடு மணம் பூசும் நாம், அந்த மணத்தை விற்கும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் மார்க்கம் நமக்கு என்ன கடமை வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இம்மாதம் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய கடை

நல்ல நண்பனுக்கும் தீய நண்பனுக்கும் உவமை கூற வந்த கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், கஸ்தூரி வைத்திருப்பவரையும் கொல்லன் உலை ஊதுபவரையும் எடுத்துக் காட்டினார்கள். அபூமூஸல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. கஸ்தூரிக்காரர் தம்மிடமுள்ளதில் கொஞ்சம் உமக்கு அன்பளிப்பாகத் தரலாம். அல்லது நீர் விலைக்கு வாங்கலாம். இரண்டும் இல்லாவிட்டாலும் நறுமணமாவது உமக்குக் கிடைக்கும் என்பது அதன் கருத்து. உலைக்காரரிடம் போனாலோ ஆடை கரியும், அல்லது கெட்ட வாடை மூக்கில் ஏறும்.

கஸ்தூரி சுத்தமானது, அதை விற்பது ஆகுமானது என்பதற்கும் இந்த ஹதீஸ் ஆதாரமாகும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் கிரந்தத்தின் விரிவுரையில் எழுதியிருக்கிறார்கள். இதில் மூன்றாவதாகச் சொல்லப்பட்டவரைக் கவனியுங்கள். அவர் காசு கொடுக்கவில்லை, எதையும் வாங்கவில்லை. ஆனாலும் வெறுங்கையாகத் திரும்பவில்லை, மணத்தோடு திரும்பினார். வாங்காமல் போகிறவர் முகத்தைப் பார்த்து, "வாங்கிறதுக்கு வக்கில்ல, மோந்து பார்க்க மட்டும் வந்துட்டாரு" என்று முணுமுணுக்கும் கடைக்காரர், கஸ்தூரி விற்றாலும் கொல்லன் உலையைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறார்.

வாங்குபவர் அறிய முடியாத சரக்கு

அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். துணியை விரித்துப் பார்க்கலாம். அத்தரை அப்படிப் பார்க்க முடியாது. ஏன் என்பதை அறிய, அது உண்டாகும் விதத்தை அறிய வேண்டும்.

உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோஜ் நகரம் அத்தருக்குப் பேர்பெற்றது. அங்கே பழைய முறைப்படி, பெரிய செப்புப் பாத்திரத்தில் பூவும் தண்ணீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, கீழே தீ மூட்டுவார்கள். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியாகக் குளிர்ந்த நீரில் அமிழ்ந்திருக்கும் இன்னொரு செப்புக் கலத்துக்கு வந்து சேரும். அந்தக் கலத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். பூவின் மணத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த எண்ணெய்தான். நாள்தோறும் புதுப் பூ இட்டு, பல நாட்கள் இப்படி வடித்தால்தான் நல்ல அத்தர் உண்டாகும். கலப்பில்லாத ரோஜா எண்ணெய் 1 கிலோ எடுக்க 3,000 கிலோவுக்கும் மேல் பூ வேண்டும். சந்தன மரம் வயிரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே அசல் சரக்கின் விலை சாமானியர் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

எனவே இன்று பல சீசாக்களில் சந்தன எண்ணெய்க்குப் பதிலாக மணமில்லாத பாரஃபின் எண்ணெயோ வேறு ரசாயனக் கரைப்பான்களோ இருக்கின்றன. மணமும் பெரும்பாலும் தொழிற்சாலையில் தயாரானதே. சீசாவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் மணம் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். எஞ்சி நிற்பதுதான் உண்மையான சரக்கு. அது தெரியவரும்போது வாங்கியவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். போதாக்குறைக்கு, நாலைந்து அத்தரை அடுத்தடுத்து மோந்தால் மூக்கு மரத்துவிடும். பிறகு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

வாங்குபவர் இங்கே கண்ணில்லாதவர் போன்றவர். விற்பவரின் நாக்கை நம்பித்தான் காசை எடுத்து வைக்கிறார். எனவே அத்தர்க் கடையில் விற்கப்படுவது அத்தர் மட்டுமன்று. அமானிதமும் சேர்ந்தே விற்கப்படுகிறது.

பெயரில் நடக்கும் பொய்

கஸ்தூரி என்பது இமயமலைப் பகுதியில் வாழும் ஆண் கஸ்தூரி மானின் வயிற்றுப் பையிலிருந்து கிடைப்பது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கும் அம்பருக்கும் இதே தடை உண்டு. ரசாயன முறையில் கஸ்தூரி மணத்தை உண்டாக்கும் வழியோ 1888-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் கடைத்தெருவில் மலிவு விலைக்குக் கிடைக்கும் "அசல் கஸ்தூரி" எங்கிருந்து வந்தது?

செயற்கை மணத்தை விற்பது ஹராம் என்று நாம் சொல்லவில்லை. "கஸ்தூரி மணமுள்ள அத்தர்" என்று சொல்லி விற்றால் அது ஹலாலான வியாபாரம். "மானிலிருந்து எடுத்தது" என்று சொல்லி விற்றால் அது மோசடி. சரக்கு ஒன்றே, வார்த்தைதான் வேறு. அந்த ஒரு வார்த்தையில் சம்பாத்தியம் ஹலாலிலிருந்து ஹராமுக்குப் புரண்டுவிடுகிறது. அதோடு, "அல்லாஹ் மேல ஆணையா அசல்" என்று சத்தியமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சத்தியம் சரக்கைத் தள்ளிவிட உதவும், ஆனால் பரக்கத்தைத் துடைத்துவிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் அவர்கள் தம் கையை நுழைத்துப் பார்த்ததும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்ததும் நாம் அறிந்த வரலாறே. தானியத்துக்குள் கை நுழைக்கலாம்; அத்தருக்குள் எந்தக் கையை நுழைப்பது? உள்ளிருக்கும் ஈரத்தை விற்பவரே எடுத்து மேலே வைத்தாக வேண்டும்.

இரண்டு கடைகள்

என் தகப்பனார் படுக்கையில் இருந்த காலம். ஆயுள் முழுவதும் சந்தன அத்தர் மட்டுமே பூசியவர். சாரல் நாளில் குற்றாலம் போயிருந்தபோது ஒரு கடையில், அசல் சந்தனம் என்று அடித்துச் சொன்னதை நம்பி, 600 ரூபாய் கொடுத்து ஒரு சிறு சீசா வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை காலை அவருக்குப் பூசிவிட்டேன். நான் ஜும்ஆ தொழுது திரும்பியபோது மணம் இல்லை. வெள்ளை ஜிப்பாவில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. "பரவாயில்ல, மழை ஈரம்" என்று அவர் சொன்னது என் மனம் நோகக் கூடாதென்பதற்காகத்தான்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். "மோந்து பார்த்துத்தானே வாங்கினீங்க? பாதி ஊத்திட்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க வந்தீங்களா?" என்று பத்துப் பேர் நடுவில் உரக்கச் சொன்னார் கடைக்காரர். காசு போனது பெரிதில்லை. திருடனைப் போல் தலை குனிந்து இறங்கியதுதான் பெரிதாயிருந்தது.

பிறகு தென்காசியில் வேறொரு கடைக்குப் போனேன். வயதான ஒரு பாய் இருந்தார். விலையைச் சொல்லி, சந்தனம் கேட்டேன். "தம்பி, இந்த விலைக்கு அசல் சந்தனம் வராது. பேரு சந்தனம், சரக்கு கலப்பு. ஆனா மணம் நிக்கும்" என்றார். என் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவி, "இப்ப வாங்காதீங்க. அஸர் தொழுதுட்டு வாங்க. அப்பவும் மணம் பிடிச்சிருந்தா எடுத்துக்கங்க" என்றார். அஸர் முடிந்து வந்தேன், மணம் இருந்தது, வாங்கினேன். முந்தைய கடையில் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

தகப்பனார் அதை மூன்று மாதம் பூசினார். சீசாவின் அடியில் மிஞ்சியிருந்ததை அவருடைய கஃபனில் தடவினோம்.

அத்தர் விற்கும் சகோதரர்களே! நீங்கள் விற்கும் சீசா எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்று ஜும்ஆவுக்குப் போகும். ஒன்று மணமேடைக்குப் போகும். ஒன்று ஜனாஸாவோடு போகும். அங்கெல்லாம் உங்கள் வார்த்தையும் கூடவே போகிறது.

திருப்பிக் கொடுக்கும் உரிமை

விற்பவரும் வாங்குபவரும் பிரியாதவரை வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இருவருக்கும் உண்டு. உண்மை சொல்லிக் குறையை விளக்கினால் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழியும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. இந்தப் பிரிவு இடத்தால் பிரிவது என்பது ஷாஃபிஈ மத்ஹப். பேச்சு முடிந்து உடன்படுவதே பிரிவு என்பது ஹனஃபீ மத்ஹப். வேண்டுமானால் மூன்று நாள் வரை யோசிக்கும் தவணையை நிபந்தனையாக வைத்துக்கொள்ள இரு மத்ஹபிலும் இடமுண்டு. சரக்கில் முன்பே குறை இருந்தது பின்னர் வெளிப்பட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பலகை தொங்கவிடுகிறோம். தெரிந்தே குறையை மறைத்தவருக்கு அந்தப் பலகை மறுமையில் கேடயமாகாது.

குறையே இல்லை, வாங்கியவர்தான் மனம் மாறி வருந்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரங்கித் திரும்பப் பெற்றுக்கொள்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி அபூதாவூத், இப்னு மாஜா ஆகியவற்றில் வந்துள்ளது. ஒரு சீசாவின் விலைக்கு இதைவிட எந்த லாபம் கிடைத்துவிடும்?

ஜவுளி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தத் தொகையைத் தர்மம் செய்துவிட்டார்கள். மறதிக்கே அவர்கள் இப்படி அஞ்சினார்கள்!

சொல்லியாக வேண்டிய இரண்டு

ஒன்று, அளவு. ஒரு தோலா என்பது ஏறத்தாழ 11.66 கிராம். கடைகளில் 12 மில்லி சீசாவை ஒரு தோலா என்றும், 6 மில்லியை அரைத் தோலா என்றும் சொல்வது வழக்கம். அடிக்கண்ணாடி தடித்த சீசாவில் 3 மில்லியும் பார்வைக்கு 6 மில்லியாகத் தெரியும். உள்ளே எவ்வளவு என்பதை வாயால் சொல்லிவிட வேண்டும். நிறுப்பவரிடம், நிறுத்து, தாராளமாகத் தாழ்த்திக் கொடும் என்று ஏவியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

இரண்டு, ஆல்கஹால். போதை தரும் திரவம் நஜீஸ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான தீர்ப்பு. திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து எடுத்ததை வெளிப்பூச்சுக்குப் பயன்படுத்தலாம் என்பது ஹனஃபீ உலமாக்களில் இக்காலத்தவர் பலரின் கருத்து. வாங்குபவர் தம் மத்ஹபின்படி தம் இமாமிடம் கேட்டு நடந்துகொள்வார். ஆனால் சீசாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே அவர் கேட்க முடியும்? அதை மறைத்து விற்பவர் இன்னொருவருடைய தொழுகையோடு விளையாடுகிறார்.

வாங்குவோர் கடமை

குற்றமெல்லாம் கடைக்காரர் மேல் என்று எண்ண வேண்டாம். வாங்கும் எண்ணமே இல்லாமல் பத்துச் சீசாக்களைத் திறக்கச் சொல்வதும், மற்றவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுவதும், விலை முடிந்த பிறகு காசைக் குறைத்து நீட்டுவதும் முஃமினுக்கு அழகல்ல. விற்கும்போதும், வாங்கும்போதும், கடனைக் கேட்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு அருள் உண்டாகட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தபோது, விற்பவரோடு வாங்குபவரையும் சேர்த்தே சொன்னார்கள்.

முத்திரை கஸ்தூரி

திருமறையின் 83-ஆவது அத்தியாயம் ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீன். அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு உண்டு என்ற எச்சரிக்கையோடு அது தொடங்குகிறது. அதே ஸூராவில் 25, 26-ஆம் வசனங்களில் நல்லோருக்குச் சுவனத்தில் புகட்டப்படும் பானம் பேசப்படுகிறது. அதன் முத்திரை கஸ்தூரியாக இருக்கும் என்கிறான் அல்லாஹ். கடைத்தராசில் தொடங்கிய பேச்சு கஸ்தூரிக்கு வந்து சேருவதை அத்தர் விற்பவரும் வாங்குபவரும் ஓதும்போதெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே பொய்க் கஸ்தூரியை மெய்யென்று விற்றவர், அங்கே எந்த முகத்தோடு அந்த முத்திரையைக் கேட்பார்?

வல்ல நாயன் அல்லாஹ் நம் நாவையும், தராசையும், சம்பாத்தியத்தையும் தூய்மையாக்கி, நம்மிடம் வந்து போகும் ஒவ்வொருவரும் நறுமணத்தோடு திரும்ப நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.