கடல் கிட்ட வருதா? கரையோர மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

முன்னாடி படகை ஏத்தி, வலையைக் காயப்போட்ட பிறகும் பிள்ளைகள் விளையாட மணல் இருந்துச்சு. இப்போ படகு நிறுத்தவே இடமில்லை. கடற்கரை ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். 14 கடலோர மாவட்டங்களும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையும் உள்ள நம் மாநிலத்தில், இது ஏதோ ஒரு ஊர் கதை இல்லை.

கடல் ஏன் உயருது?

பூமி சூடாகும்போது அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சூடான நீர் விரியும். நிலத்தின் மேல் உள்ள பனியும் உருகிக் கடலில் சேரும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. ஒரு சாண்தானே என்று நினைக்காதீங்க. தாழ்வான கரையில் ஒரு சாண் உயர்ந்தாலே தண்ணீர் பல அடி உள்ளே வரும். புயல் அலையும் அந்த உயரத்துக்கு மேலேதான் எழும்பும்.

எல்லாத்துக்கும் காலநிலைதான் காரணமா?

இல்லை. நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே துறைமுகமோ தூண்டில் வளைவோ வந்தால், தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதும், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை கரைந்ததும் இப்படித்தான். மணலை இழந்த கரையில் கடல் மட்டமும் உயர்ந்தால் பாதிப்பு இரட்டிப்பாகும். அதனால் உங்க ஊருக்குத் தூண்டில் வளைவு கேட்கும்போது, வடக்கே உள்ள அடுத்த ஊருக்கு என்ன ஆகும் என்பதையும் கிராம சபையில் கேளுங்கள்.

குடிநீரிலும் உப்பு

மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது. கடல் மட்ட உயர்வு இந்தச் சிக்கலை இன்னும் கூட்டும். உங்க கிணற்று நீர் கரிக்க ஆரம்பித்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கடலோரத்தில் மனை வாங்கும் முன், அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருதா என்று பாருங்கள். பட்டா இருந்தால் மட்டும் போதாது; வீடு கட்ட அனுமதியும் வேண்டும்.

• ஆதார், குடும்ப அட்டை, படகுப் பதிவுச் சான்று, பாஸ்புக் எல்லாவற்றையும் நீர் புகாத ஒரே பையில் வையுங்கள். டிஜிலாக்கரிலும் சேமித்து வைத்தால், புயலுக்குப் பிறகு நிவாரணம் கேட்க அலைய வேண்டியதில்லை.

• பேரிடர் நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. இந்த மூன்று எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

• எச்சரிக்கை வந்த பிறகு, படகைப் பார்க்கணும் என்று கரையில் நிற்காதீங்க. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியும் முன்பே நாகை மாவட்டத்தில் கரையைக் கடந்தது. இருட்டில் கிளம்ப வழி இருக்காது. பகலிலேயே முகாமுக்குப் போய்விடுங்கள்.

• மணல்மேட்டையும் அலையாத்திக் காட்டையும் காப்பாற்றுங்கள். 2004 சுனாமியில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் அலையின் வேகம் குறைந்தது. அந்தக் காட்டை வெட்டினால், அடுத்த அலை நேராக வீட்டு வாசலுக்குத்தான் வரும்.