வேர்த்தால் நல்லது!

போன வருடம் என்னிடம் வைத்தியம் பார்க்கும் ஓர் அம்மா, சமையலறையில் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். வயது 58. பல வருடமாக நீரிழிவு. அன்று வெள்ளிக்கிழமை விரதம். மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு, மதியம் வரை பட்டினி. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை 42 மில்லிகிராம்தான். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் விழித்தார்.

ஆங்கில மருத்துவர் தந்த மாத்திரையோடு, நான் தந்த சிறுகுறிஞ்சான் சூரணத்தையும் அவர் சாப்பிட்டு வந்தார். இரண்டுமே சர்க்கரையைக் குறைப்பவை. 'வேறு மாத்திரை உண்டா, விரதம் இருப்பீர்களா?' என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தவறு.

பிறகு அவர் என்னிடம் கேட்டார்: "முன்னெல்லாம் சர்க்கரை இறங்கினா வேர்க்கும், கை நடுங்கும். உடனே ரெண்டு வாய் சாப்பிட்டுடுவேன். இப்ப எதுவுமே தெரியலையே, ஏன் ஐயா?"

நல்ல கேள்வி. உங்கள் வீட்டிலும் நீரிழிவுக்காரர் இருந்தால், பதிலைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூளை ஏன் இவ்வளவு கவனமாக இருக்கிறது?

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். சேமிப்போ மிகக் குறைவு. அன்றாடம் அரிசி வாங்கிச் சமைக்கிற வீடு மாதிரி! அதனால்தான் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள சில நரம்பணுக்கள் சர்க்கரை ஏறினால் சுறுசுறுப்பாகும். வேறு சில, இறங்கினால் சுறுசுறுப்பாகும். தில்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்தும் அவருடைய சகாக்களும், பிராணிகளின் மூளையில் சர்க்கரைக்கு ஏற்ப இந்த மின் துடிப்புகள் மாறுவதைப் பதிவு செய்து 1962-லேயே வெளியிட்டார்கள்.

இந்தப் பகுதி கொழுப்பின் இருப்பையும் கணக்கு வைக்கிறது. 1994-ல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன், கொழுப்பணுக்களிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகிறது. பட்டினி கிடந்து இளைக்கப் பார்த்தால் லெப்டின் குறையும், பசி கூடும், உடல் செலவைச் சுருக்கிக்கொள்ளும். பட்டினியால் குறைந்த எடை திரும்ப ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அபாய மணி

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும் சமயத்தில் மூளை எச்சரிக்கை அடைகிறது. குளுக்ககானும் அட்ரினலினும் சுரக்கின்றன. கல்லீரல் தன் இருப்பை அவிழ்த்துவிடுகிறது. இன்னும் இறங்கினால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி. 50-க்குக் கீழே போனால் புத்தி தடுமாறும், பேச்சு குழறும்.

சரி, மணி ஏன் அடிக்காமல் போகிறது? சர்க்கரை அடிக்கடி இறங்கினால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. முன்பு 65-ல் அடித்த மணி, 50 ஆனாலும் அடிப்பதில்லை. வேர்வை வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இரண்டு மூன்று வாரம் சர்க்கரை இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால், பலருக்கு இந்த உணர்வு பெருமளவு திரும்பிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* சித்த மருந்து சாப்பிட்டால் ஆங்கில மருத்துவரிடமும், ஆங்கில மருந்து சாப்பிட்டால் எங்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.
* விரதத்துக்கு முன்பே மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.
* 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பவுடர் இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள்.
* நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் பசியையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது சித்த மருத்துவம். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை அப்படியே கடைப்பிடிக்கலாம்.

அந்த அம்மாவுக்குச் சூரணத்தை நிறுத்தினேன். அவருடைய டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். விரத நாளிலும் வேளைக்குப் பாலும் பழமும். ஒரு மாதம் கழித்துச் சிரித்த முகத்தோடு வந்தார். "நேத்து சமையல் லேட்டாயிடுச்சு. நல்லா வேர்த்துச்சு ஐயா! சோதிச்சா 64. உடனே குளுக்கோஸ் குடிச்சிட்டேன்."

வேர்வைக்காக ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.