பில்டர் கட்டும் வீடு, நம் இஷ்டப்படி: அட்வான்ஸ் கொடுக்கும் முன் 12 குறிப்புகள்

மனையை வாங்கி, தாங்களே பிளான் போட்டு, வீடு கட்டி விற்கிற பில்டர்கள் இப்போது புறநகர் எங்கும் இருக்கிறார்கள். "உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றித் தருகிறோம்" என்று சொன்னதும் செக் புத்தகத்தை எடுத்துவிடாதீர்கள் தோழிகளே! இவற்றை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. அதே பில்டர் இரண்டு, மூன்று வருஷத்துக்கு முன் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஓதம் ஏறியதா, கூப்பிட்டால் ஆள் அனுப்பினாரா என்று கேளுங்கள். பளபளக்கும் மாதிரி வீட்டைவிட இது அதிகம் சொல்லும்.

2. வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நேரில் பாருங்கள். சுவர் எழும்பும்போது ஜன்னலை நகர்த்துவது சுலபம். பூச்சு முடிந்துவிட்டால் உடைக்கவும் கூலி, திரும்பப் பூசவும் கூலி. டைல்ஸும் ஒட்டியாகிவிட்டதென்றால், மாற்றம் பெரும்பாலும் பெயின்ட் நிறத்தோடு சரி.

3. ஆசைகளை இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஏசி, இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் பாயிண்டுகள், பரண், குழாய் லைன் என்று சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகிறவற்றை இப்போதே கேளுங்கள். கப்போர்டு, கொசுவலை, விளக்கு வகையறாவைக் குடிவந்த பிறகு வெளி ஆளிடம் நிதானமாக விலை பேசிச் செய்துகொள்ளலாம்.

4. தூண், பீம், படிக்கட்டு பக்கம் போகாதீர்கள். ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுக்க வேண்டுமென்றால், கட்டட இன்ஜினீயர் கையெழுத்திட்ட வரைபடம் வரட்டும். மேஸ்திரியின் வாய்வார்த்தை போதாது.

5. அறையை வெளிப்பக்கம் நீட்டச் சொல்லும்முன் அனுமதி வாங்கிய பிளானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சுற்றிலும் விட வேண்டிய காலி இடத்தைத் தின்றுவிட்டால், பிற்பாடு வங்கிக் கடனிலும் விற்பனையிலும் தலைவலி.

6. டைல்ஸ், குழாய் ஃபிட்டிங்ஸை உயர்த்தினால் வித்தியாசத்தை மட்டும் கொடுங்கள். விலையில் ஏற்கெனவே சதுர அடி 50 ரூபாய் டைல்ஸ் அடங்கியிருந்து, நீங்கள் 80 ரூபாய் டைல்ஸ் எடுத்தால் கூடுதல் 30 ரூபாய்தான். முழு 80-ஐயும் பில்லில் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. "அதெல்லாம் பண்ணிடலாம் மேடம்" என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒவ்வொரு மாற்றத்தையும் பிராண்ட், அளவு, விலை, முடிக்கும் தேதியோடு எழுதி, ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

8. ஒப்பந்தத்தில் வராத கூடுதல் வேலைக்கு வங்கி பெரும்பாலும் கடன் தராது, கைக்காசுதான் போகும். ஆகவே பட்டியலைக் கடனுக்கு மனு போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

9. கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழும் வாங்கிவிட்ட வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 3 லட்சம். உங்கள் மாற்றங்கள் சின்னவை என்றால், முடிந்த வீட்டை வாங்கி அந்தப் பணத்தில் சமையலறையை நவீனமாக்கிக்கொள்ளலாம்.

10. ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான திட்டமென்றால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. கட்டுமானக் குறைகளுக்கு வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டுகள் பில்டரே பொறுப்பு. 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் சின்ன மனையில் கட்டுகிறவருக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. அப்போது இந்த இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கூடவே 30 வருஷ வில்லங்கச் சான்றிதழும் பட்டாவும் பாருங்கள்.

11. பூச்சுக்கு முன் சுவர்களை அறை அறையாகப் போனில் படம் எடுங்கள். அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்தால் வயரும் குழாயும் எங்கே போகிறதென்று தெரியும். நாளைக்கு ஆணி அடிக்கும்போது குழாயைத் துளைக்காமல் தப்பிக்கலாம். சாவி வாங்கும் நாளில், பாத்ரூம் மூலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிகால் பக்கம் ஓடாமல் தேங்கினால் அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள்.

12. கடைசியாக ஒரு கூட்டல். பில்டர் சொன்ன விலையோடு மாற்றச் செலவையும் சேர்த்து, அதே பகுதியில் மனை வாங்கி நாமே கட்டினால் ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள். மாற்றங்கள் தரை, பாயிண்ட், அலமாரி அளவில் நின்றால் பில்டர் வீடு நேரத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும். அறைக்கு அறை மாற்ற வேண்டியிருந்தால், தயங்காமல் அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்புங்கள்.