உண்பதும் ஓர் அறிவே

வெளியூர்ப் பயணங்களில் இந்நாளில் உணவுச் சுற்றுலாவும் இடம்பெறுகிறது. தோல் தொழில் தழைத்த நம் பகுதியில் ஆம்பூர் என்றதும் பலர் பிரியாணியையே நினைப்பர். ஊன் விலக்கிய நாம் அத்தகைய பயணத்தை முற்றும் ஒதுக்க வேண்டுமா? வேண்டுவதில்லை, தேர்ந்து செல்லுதல் வேண்டும். அதற்கு மூன்று வினாக்கள் உள.

முதலாவது: விளைவிப்போரையும் சமைப்போரையும் கண்டு பேச இயலுமா? 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைக் கடைத் தட்டில் காண்பதினும், அவ்வூர் வயலில் காண்பது மேல்.

இரண்டாவது: கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கலாமா? கிழங்கு விலக்கி, நீரை வடிகட்டிச் சமைப்பரா? இவற்றைப் புறப்படுமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது: உணவின் பின்னுள்ள மரபை எடுத்துரைப்பார் உண்டா? வள்ளிமலையில் நாம் தீர்த்தங்கரர் சிற்பங்களை வணங்குகிறோம். அம்மலையே வள்ளி தினைப்புனம் காத்த இடமென்றும் போற்றப்படுகிறது. அக்கதையின் உணவு தேனும் தினைமாவும். தினை நமக்கு ஏற்றது, தேன் விலக்கு. தேன் கலந்து அன்போடு நீட்டிய பின் மறுத்தால் விருந்தளிப்பவர் மனம் நோகும். முன்னரே பணிவுடன் காரணம் கூறின், தினைமாவை வெல்லமிட்டுப் பிசைந்து தருவர். நம் அறத்தையும் அறிவர்.

நம் விரதத்தில் உறுதி வேண்டும். ஆயினும் பிறர் உண்கலத்தை இகழ்தல் ஆகாது. நாவினால் சுடுதலும் இம்சையே.

சிந்திக்க: சென்ற பயணத்தில் நமக்கு உணவு சமைத்தவரின் பெயரை நாம் கேட்டோமா?