அரசு அலுவலக மாளிகை

சென்னைக்குத் தெற்கே உள்ள பல்லாவரம் பழம்பெருமை வாய்ந்த ஊராகும். அங்குள்ள குன்றில் ஏழாம் நூற்றாண்டிலே முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை ஒன்று உண்டு. அதன் உத்தரங்களில் அம்மன்னனுடைய பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முடியாட்சிக் காலத்துக் கல் மன்னன் புகழை மொழிந்தது. குடியாட்சிக் காலத்தில் அரசினர் கட்டடம் எதனை மொழிதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண, வடநாட்டில் எழுந்த புதுமுறை மாளிகை ஒன்றை நோக்குவோம்.

1947-இல் நாடு பிரிவினையுற்றபோது பஞ்சாபின் தலைநகராய் விளங்கிய லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. ஆதலின், இந்தியப் பஞ்சாபுக்குச் சண்டிகர் என்னும் புதுநகர் அமைக்கப்பட்டது. அந்நகரின் தலைமைச் செயலகத்தை வகுத்தவர் லெ கொர்புசியே என்னும் கட்டடக்கலை வல்லுநர். 1950-களில் எழுந்த அம்மாளிகையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். அதில் கோபுரமும் இல்லை. செதுக்கு வேலையும் இல்லை. சுவர்களுக்குச் சுண்ணப் பூச்சும் இல்லை. கம்பியிட்ட கான்கிரீட்டே அதன் உடல்; அதுவே அதன் அழகு. சாளரங்களின் முன்னுள்ள கான்கிரீட் தடுப்புகள் கடும் வெயிலை மறித்து நிழல் தருகின்றன. மாடிகளுக்கு நடந்து செல்லச் சாய்தளங்களும் உள்ளன. இம்மாளிகை 1966 முதல் பஞ்சாப், அரியானா ஆகிய இரு மாநிலங்களுக்கும் பயன்படுகின்றது. இதனை உள்ளிட்ட கட்டடத் தொகுதி 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது.

உறுப்பு ஒவ்வொன்றும் பயன் கருதி அமைதல் வேண்டும் என்பதே இக்கலையின் உயிர்நிலை. இவ்வளவுகோலை நம்மூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வைத்துப் பார்த்தல் தகும். அங்கு வருவோர் யாவர்? சாதிச் சான்று வேண்டும் மாணவன், பட்டா மாறுதல் நாடும் உழவன், உதவித்தொகை கோரும் மூதாட்டி முதலியோரே. படியேற மாட்டாத அம்மூதாட்டி வாயிலிலேயே நின்றுவிடுவாளாயின், உள்ளே எத்தனை திட்டங்கள் இருந்தும் அவளுக்கு அவை இல்லாதனவே அன்றோ? இதுபற்றியே, பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் இடரின்றிச் சென்றுவர வழி அமைத்தல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கின்றது. அலுவலகங்கள் தம் பணிகளைப் பற்றிய செய்திகளைத் தாமாகவே வெளியிடல் வேண்டுமென்பது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விதியாகும்.

மகேந்திரவர்மன் தன் பெயர்களைக் கல்லில் பொறித்தான். குடியாட்சியின் சுவரில் பொறிக்கத் தக்கவை, மக்கள் பெறத்தக்க உதவிகளும், அவற்றுக்குரிய கட்டணமும், கிடைக்கும் நாளுமே ஆகும். அவற்றைப் படித்தறிந்து, எழுத்தறியாதார்க்கு எடுத்துரைத்தல் கற்றவர் கடமை. மாணவர்களே, அக்கடமை உங்களுக்கும் உரியது.