உள்ளியும் ஈருள்ளியும்: பாடாலூர் மண் தரும் பாடம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை அடையும் முன் நம்மை எதிர்கொள்ளும் ஊர் பாடாலூர். இவ்வூரைச் சுற்றியும் அருகிலுள்ள செட்டிகுளம், நாட்டார்மங்கலம் முதலிய ஊர்களிலும் விளையும் சின்ன வெங்காயம் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. இம்மாவட்டத்து மாணவர் பலர் வெங்காயம் விளைவித்த பணத்தில் படிப்பவர்கள். ஆயினும் அப்பயிரைப் பற்றி வகுப்பறையில் நாம் பேசுவது அரிது. அக்குறையைச் சிறிதேனும் போக்கும் பொருட்டு, வெங்காயத்தையும் அதன் உடன்பிறப்பாகிய பூண்டையும் மொழி, வயல், அடுப்படி என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் கூறும் உறவு

தமிழில் ‘உள்ளி’ என்னும் சொல் வெங்காயம், பூண்டு ஆகிய இரண்டையும் குறிக்கும். வெண்மை நிறத்தது வெள்ளுள்ளி. ஈரப்பசை மிக்கது ஈருள்ளி. கன்னடத்தில் பூண்டு ‘பெள்ளுள்ளி’, வெங்காயம் ‘ஈருள்ளி’. தெலுங்கில் பூண்டு ‘வெல்லுல்லி’. மலையாளத்தில் வெங்காயம் இன்றும் ‘உள்ளி’யே. ஈழத்தமிழர் பூண்டை ‘உள்ளி’ என்றே வழங்குகின்றனர். தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தது பிற்காலத்தது. திராவிட மொழி பேசிய மக்கள் அவ்வுறவைப் பெயரிட்டபோதே உணர்ந்திருந்தனர் எனலாம்.

‘காயம்’ என்பது காரமும் மணமும் உடைய பொருளைச் சுட்டும். பெருங்காயம் என்பதில் நிற்பதும் அச்சொல்லே. ‘பூண்டு’ என்பது சிறு செடி எதற்கும் உரிய பொதுப்பெயர். ‘புல் பூண்டு’ என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. பொதுப்பெயர் ஒரு செடிக்கே சிறப்புப் பெயராகி நின்றது, அச்செடி நம் வாழ்வில் பெற்ற இடத்தைக் காட்டும்.

விதையும் விளைவும் ஒன்றே

பூண்டு குளிர்ச்சியை வேண்டும் பயிர். குளிர் இன்றேல் அது பல் பிரிந்து திரளாது. ஆகவே தமிழகத்தில் அது நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் சிறக்கின்றது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பாடாலூரின் வெயில் பூண்டுக்கு ஒவ்வாது; சின்ன வெங்காயத்துக்கு ஒக்கும். நீர் தேங்காத மண்ணும் கிணற்றுப் பாசனமும் இருந்தால் அது செழிக்கும்.

இரண்டுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. பூண்டுக்கு விதை இல்லை, பல்லையே நடுகிறோம். சின்ன வெங்காயத்தையும் பெரும்பாலும் காயாகவே நடுகிறோம். விதை மூலம் பயிராகும் கோ.5 போன்ற இரகங்களை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது என்றாலும், விதைக்காய் நடும் வழக்கம் நிலைத்தே உள்ளது. பார் பிடித்து, பாரின் இருபுறமும் காய்களை ஊன்றுவர். ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ விதைக்காய் தேவைப்படும். ஏறக்குறைய இரண்டு மாதம் கடந்தபின், தாள் சாய்ந்து பழுக்கும்போது அறுவடை.

நெல் உழவர் விதைக்கென ஒதுக்குவது விளைச்சலில் சிறு பகுதி. வெங்காய உழவரோ மூட்டை மூட்டையாக ஒதுக்க வேண்டும். உண்பதும் விற்பதும் விதைப்பதும் ஒரே காய்தான். கையில் பணமில்லாத ஆண்டில் விதைக்காயையும் விற்றுவிட்டால், அடுத்த பருவத்தில் அதனையே உயர்ந்த விலை கொடுத்து வாங்க நேரும். ஓர் உழவர் குடும்பம் நிமிர்வதும் சாய்வதும் இம்முடிவைப் பொறுத்தது.

பட்டறை என்னும் நுட்பம்

இம்முடிவுக்குக் கால இடைவெளி தருவது பட்டறை. தரையினின்று உயர்த்திக் கற்களின்மேல் கழிகளைப் பரப்பி, பக்கங்களில் காற்றுப் புகும் படலிட்டு, மேலே கீற்று வேய்ந்து, உலர்ந்த காயை அதனுள் இடுவர். அகலம் குறுகியும் நீளம் மிகுந்தும் அது அமையும். அகலம் கூடினால் நடுவிலுள்ள காய்க்குக் காற்று எட்டாது. வெப்பம் ஏறி அழுகும். மின்சாரம் வேண்டாத இச்சேமிப்பு முறை, அனுபவம் கற்பித்த பொறியியல். இதனால் உழவர் விலைக்காகச் சில மாதம் காத்திருக்கலாம். விதைக்காயும் முளைக்குமுன் வேண்டும் ஓய்வைப் பெறும்.

எனினும் பட்டறை எல்லா இடரையும் தடுக்காது. அடைமழையில் தாள் திருகிக் கழுத்து நீண்டு பயிர் கெடுவதைத் திருகல் நோய் என்பர்; உழவர் வழக்கில் அது கோழிக்கால் நோய். அது கண்ட வயலிற் பட்டறைக்கு எஞ்சுவது சிறிதே. விலையோ உழவர் கையில் இல்லை. 2019 செப்டம்பரிலும், 2020 செப்டம்பரிலும், 2023 டிசம்பரிலும் நடுவணரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. வடநாட்டுப் பெரிய வெங்காயத்தின் விலையைக் கருதி இட்ட தடை, கடல் கடந்து செல்லும் சின்ன வெங்காயத்தையும் கட்டிப்போட்டது. சின்ன வெங்காயத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்னும் உழவர் கோரிக்கையின் பின்னணி இதுவே. இங்கும் வழக்கு ஒரு பெயரைப் பற்றியதே. இரு பொருளை ஒரே பெயரால் அழைத்தால் ஒன்றின் குற்றத்துக்கு மற்றொன்று தண்டனை பெறும்.

அடுப்படியும் அறிவியலும்

பூண்டுப் பல்லை நசுக்காதவரை அதில் காரநெடி இல்லை. நசுக்கும்போது அதன் திசுக்களில் தனித்தனியே இருந்த அல்லீன் என்னும் கந்தகப் பொருளும் ஒரு நொதியும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. இப்பொருள் 1944இல் பிரித்தறியப்பட்டது. வெங்காயத்தில் வேறொரு கந்தகப் பொருள் கண்ணீரை வரவழைக்கும் ஆவியாகிறது. வெப்பம் அந்நொதியைச் செயலிழக்கச் செய்யும். இதனை அறியாமலே நம் தாய்மார் அறிந்திருந்தனர். காரம் வேண்டிய துவையலுக்குப் பூண்டை அரைத்தனர்; இனிமை வேண்டிய குழம்புக்கு முழுப் பல்லாக வேகவிட்டனர். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்தனர். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் நோன்புக் கஞ்சியில் அரிசியோடும் வெந்தயத்தோடும் பூண்டும் சின்ன வெங்காயமும் குழைந்து, காரம் மறைந்து சுவை மட்டும் நிற்கின்றன.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 61ஆம் வசனத்தில் வெங்காயம் பெயர் சுட்டப்படுகிறது. அங்கு வரும் ‘ஃபூம்’ என்னும் சொல்லுக்கு உரையாளர் சிலர் பூண்டு என்றும், சிலர் கோதுமை என்றும் பொருள் கொள்வர். இவற்றைப் பச்சையாக உண்டு அவ்வாடையோடு பள்ளிவாசலுக்கு வருதலை நபிமொழி விலக்குகிறது. உண்ண விரும்புவோர் சமைத்து வாடையைப் போக்கிக்கொள்க என்பது உமர் (ரலி) அவர்களின் அறிவுரை. உணவை மறுக்காமல், அருகில் நிற்பவரின் மனம் கோணாமல் காக்கும் பண்பாடு இது. வெப்பம் நொதியை அடக்கும் என்னும் வேதியியலோடும் இவ்வறிவுரை பொருந்தி நிற்கிறது.

நிறைவுரை

பார், விதைக்காய், தாள், படல், பட்டறை, கோழிக்கால் நோய் என இக்கட்டுரையில் வந்த சொற்களைப் பாடாலூர் வயல்களில் எழுத்தறியாத முதியவரும் பிழையின்றி ஆள்வர். பட்டம் பெற்ற நம்மில் எத்தனை பேர் அவற்றை விளக்கவல்லோம்? கீற்றுப் பட்டறை மறைந்தால் அதன் உறுப்புகளின் பெயர்களும் உடன் மறையும். ஆகவே மாணவர்கள் அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் தம் ஊர் வயலுக்குச் சென்று, பெரியோர் வாய்மொழியாக வழங்கும் பயிர்ச்சொற்களைப் பொருளோடு எழுதி வருவார்களாக. வெங்காய உழவர் விதைக்காயை எண்ணி ஒதுக்கிக் காப்பது போல, நாமும் அச்சொற்களில் ஒரு பங்கை அடுத்த தலைமுறைக்கென ஒதுக்கி வைப்போம்.