பேச்சிலருக்கு ரூம் இல்லையா?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். எல்லோருக்கும் 19, 20 வயது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி போனோம். ஆப் மூலம் முழுப் பணமும் கட்டி ரூம் போட்டிருந்தோம். ஆதாரைக் காட்டியும், "பேச்சிலர் பசங்களுக்கு ரூம் தர்றதில்ல, வீட்டுப் பெரியவங்க யாராவது வரட்டும். போலீஸ் ஆர்டர்" என்று லாட்ஜில் சொல்லிவிட்டார்கள். பணமும் திரும்பி வரவில்லை. வயதைக் காட்டி இப்படி மறுக்கலாமா, சார்?
– கல்லூரி மாணவர், நகரி

பதில்: மறுக்கலாம், தம்பி. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, ஓட்டல் போன்ற இடங்களில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றுக்காக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வயது அந்தப் பட்டியலில் இல்லை. ஆந்திராவில் பிறந்தவருக்கு ரூம் இல்லை என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. (1960 வரை திருத்தணியே உங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது!) பிரிட்டனில் 2012 அக்டோபர் முதல், தக்க காரணம் இல்லாமல் வயதுக்காகப் பெரியவர்களுக்குச் சேவையை மறுப்பது சட்டவிரோதம். நம்மிடம் அப்படிப்பட்ட சட்டம் இல்லை.

கோவைத் தீர்ப்பைப் பலரும் இங்கே தவறாக இழுக்கிறார்கள். அங்கே ஒரு விடுதியில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்ததையும், வேறோர் அறையில் மது பாட்டில்கள் கிடந்ததையும் சொல்லி, 2019 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கூறி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அந்த ஆண்டே சீலை அகற்றச் சொன்னார். அது ரூம் கொடுத்த விடுதியைக் காப்பாற்றிய தீர்ப்பு. கொடுக்க மாட்டேன் என்கிற விடுதியை அது கட்டாயப்படுத்தாது.

ஆனால் "போலீஸ் ஆர்டர்" என்றார்களே, அதை நம்பாதீர்கள். 18 நிறைந்தவர் மேஜர். அவர் பெரியவர் துணையோடுதான் தங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்களில் ஒருவருக்கு 17 என்றால் லாட்ஜ்காரர் தயங்குவதில் நியாயம் உண்டு. மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது, ஏதாவது நடந்தால் வழக்கு அவர் தலையில். 19 வயதுக்காரரிடம் அந்தச் சாக்கு எடுபடாது. பசங்க குடிப்பார்கள், சத்தம் போடுவார்கள் என்ற பயம்தான் காரணம். பயப்பட அவருக்கு உரிமை உண்டு, உங்கள் பணத்தை வைத்துக்கொள்ள இல்லை.

உங்கள் பிடி அந்தப் பணத்தில்தான். பதிவை உறுதி செய்துவிட்டு வாசலில் திருப்பி அனுப்புவது சேவைக் குறைபாடு. முதலில் ஆப்பில் அந்த லாட்ஜின் விதிகளைப் படியுங்கள். பேச்சிலருக்கு அனுமதி இல்லை என்று அங்கேயே போட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். போடவில்லை என்றால் பதிவு ரசீது, பணம் கட்டிய விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதில் பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் சித்தூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.